'டேக்' என்னும் ஒரு சொல்லும் நம் வினைச்சொற்களும்



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஓர் ஆங்கிலச் சொல். ஆங்கிலத்தில் எழுதினால் நான்கே எழுத்து. மழலையர் பள்ளிக்குச் செல்லும் குழந்தையும் அறிந்த சொல். 'டேக்' என்பதே அது. தமிழ் மேடையில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அந்தச் சொல் நம் மாணவர்களின் தமிழ்க் கட்டுரைக்குள் நாள்தோறும் வந்துபோகிறது. வரும்போது ஆங்கில உருவில் வருவதில்லை. 'எடு' என்னும் நல்ல தமிழ் ஆடை அணிந்து வருகிறது. ஆகவே ஆசிரியரின் சிவப்புப் பேனாவுக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. இதனால்தான் அதைப் பற்றிப் பேச விழைந்தோம்.

முதலில் அச்சொல்லின் அளவை அறிவோம். சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் தம் ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதில் 'டேக்' என்னும் வினைக்கு அவர் தந்த பொருள்கள் 134. விளக்கங்களும் எடுத்துக்காட்டுகளுமாக ஏறத்தாழ 8,000 சொற்கள், ஐந்து பக்கங்கள். அகராதியின் முன்னுரையில் அவர் இத்தகைய வினைகளைப் பற்றிச் சற்று அலுத்துக்கொள்ளவே செய்கிறார். வருதல், போதல், தருதல், வைத்தல், எடுத்தல் முதலிய எளிய வினைகளின் பொருள் கட்டுக்கடங்காமல் பரந்து கிடப்பதால் தம் உழைப்பு பெருகிற்று என்பது அவர் முறையீடு. அரிய சொற்களுக்குப் பொருள் எழுதுவது எளிது. எல்லாரும் அறிந்த சொல்லுக்கு எழுதுவதே கடினம். அகராதிக் கலையில் கைவைத்தவர் எவரும் இதை மறுக்கமாட்டார். பிற்காலத்தில் 1928இல் முழுமை பெற்ற ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியிலும் இதே கதைதான். அதன் புதிய பதிப்புக்காக 'ரன்' என்னும் வினையைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர் என்னும் பதிப்பாசிரியர் அவ்வொரு சொல்லுக்கு 645 பொருள்களை வகுத்தார் என்பது 2011ஆம் ஆண்டில் செய்தியாகவே வந்தது.

இவ்வெண்களைக் கேட்டு வியப்பதோடு நின்றுவிடுதல் கூடாது. ஒரு மனிதர் 134 பொருள்களை நினைவில் வைத்துக்கொண்டா 'டேக்' என்று பேசுகிறார்? இல்லை. அச்சொல்லுக்குத் தனியே நின்றால் ஏறக்குறைய பொருளே இல்லை. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்தான் அதற்குப் பொருளை ஊட்டுகிறது. மருந்தோடு வந்தால் உண்ணுதல். பேருந்தோடு வந்தால் ஏறுதல். தேர்வோடு வந்தால் எழுதுதல். கையூட்டோடு வந்தால் வாங்குதல். நேரத்தோடு வந்தால் ஆகுதல். அறிவுரையோடு வந்தால் கேட்டல். இருக்கையோடு வந்தால் அமர்தல். உயிரோடு வந்தால் பறித்தல். 'இன்', 'ஆஃப்', 'அப்' போன்ற சிறு சொல் பின்னே ஒட்டினால் மீண்டும் புதுப் பொருள்கள். 'டேக் இன்' என்பதை மட்டும் பாருங்கள். வீடற்றவருக்குப் புகலிடம் தருதலும் அதுவே. சொன்னதை விளங்கிக்கொள்ளுதலும் அதுவே. ஒருவனை ஏமாற்றுதலும் அதுவே. தொளதொளவென்று இருக்கும் சட்டையைத் தையற்காரர் பிடித்துத் தைப்பதும் அதுவே.

ஆங்கிலம் ஏன் இப்படி ஒரு வினையின் தலையில் இவ்வளவு சுமையை ஏற்றியது? அம்மொழியில் செயலைப் பெயராக்கி, அப்பெயரை இழுத்துச் செல்ல ஓர் எளிய வினையைப் பூட்டும் வழக்கம் மிகுதி. குளித்தான் என்பதைக் 'குளியல் ஒன்றை எடுத்தான்' என்றும், நடந்தான் என்பதை 'நடை ஒன்றை எடுத்தான்' என்றும் சொல்லும் முறை அது. வண்டி வேறு, மாடு வேறு. 'டேக்' இழுக்கும் மாடு. பொருள் முழுதும் வண்டியில் இருக்கிறது. இவ்வியல்பைப் பயன்படுத்தியே சி. கே. ஆக்டன் என்பவர் 1930ஆம் ஆண்டில் 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் எளிய ஆங்கிலத்தை அமைத்தார். மொத்தம் 850 சொற்கள். அவற்றுள் வினைகள் 18 மட்டுமே. 'டேக்' அப்பதினெட்டில் ஒன்று. பதினெட்டு வினைகளைக் கொண்டு அன்றாட வாழ்வு முழுவதையும் பேசிவிடலாம் என்பது அவர் துணிபு. ஆங்கிலத்தில் அது ஓரளவு இயலும். தமிழில் அப்படி ஒருவர் முயன்றால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் பின்னர்க் காணப்போகிறோம்.

அதற்கு முன் இச்சொல்லின் பிறப்பைக் கூறியாக வேண்டும். 'டேக்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய டென்மார்க்கு, நார்வே நாட்டார் கொண்டுவந்த சொல் அது. அவர்கள் நாவில் 'தாக்கா' என்று வழங்கிற்று. அதன் பழம்பொருள் தொடுதல், கைவைத்தல் என்பது. கோதிக் மொழியின் உறவுச் சொல் ஒன்று இன்றும் அதற்குச் சான்று. 1016இல் டேனிய மரபினனாகிய கனூட் இங்கிலாந்துக்கே அரசனானான். அந்நூற்றாண்டில்தான் இச்சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அதற்கு முன் ஆங்கிலேயர் எடுத்தலைக் குறிக்க வழங்கிய சொல் 'நிமன்'. செருமானியர் இன்றும் 'நேமன்' என்றே சொல்கின்றனர். இங்கிலாந்தில் அது மெல்ல மெல்ல மெலிந்தது. திருடர் வழக்கில் 'நிம்' என்றால் களவாடுதல் என்று தாழ்ந்தது. ஷேக்ஸ்பியர் தம் நாடகமொன்றில் கைநீளமுள்ள ஒரு படைவீரனுக்கு 'நிம்' என்று பெயரிட்டு, திருட்டுக் குற்றத்துக்காக அவனைத் தூக்கிலும் ஏற்றிவிட்டார். ஏறத்தாழ அச்சொல்லின் கதியும் அதுவே. இன்று அதன் எச்சமாக எஞ்சியவை, உணர்ச்சியற்று மரத்துப்போனதைக் குறிக்கும் 'நம்' என்பதும், சுறுசுறுப்பைக் குறிக்கும் 'நிம்பிள்' என்பதும்தான். உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது என்பது முன்னதன் பொருள். சட்டென எடுக்கவல்ல கை என்பது பின்னதன் பொருள்.

ஒரு மொழியின் மிக அடிப்படையான வினையும் இவ்வாறு இடம் இழக்கக்கூடும். படையெடுப்பால் மட்டும் அது நிகழவில்லை. ஒரே ஊரில், ஒரே சந்தையில், இரு மொழியார் கலந்து பேசியபோது நாவுக்கு எளிதாக வந்த சொல் நிலைத்தது. இருமொழிச் சூழலில் வாழும் நமக்கு இது தொலைதூரக் கதையன்று. இதை மனத்தில் இருத்துங்கள். மீண்டும் இங்கு வருவோம்.

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழுக்குப் புதிதன்று. திவாகரம் முதலிய நிகண்டுகள் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துக் கூறவென்றே ஒரு தொகுதியை ஒதுக்கின. தொல்காப்பியச் சொல்லதிகாரமோ அத்தகைய சொற்களின் பொருளைத் தெளியும் வழியையும் கூறுகிறது. வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்பது அதன் கருத்து. 'மா' என்னும் சொல்லை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். மா பூத்தது என்றால் மரம், வினை காட்டிக்கொடுத்துவிட்டது. மாவும் மருதும் உயர்ந்து நின்றன என்றாலும் மரம். உடன்நின்ற இனம் காட்டிற்று. கவசம் பூண்டு நிற்கும் வீரன் மாவைக் கொண்டுவா என்றால் குதிரை. அவன் நிற்கும் நிலையாகிய சார்பு காட்டிற்று. மொழியியலார் இருபதாம் நூற்றாண்டில் சொல்லின் தோழமை என்று பேசிய கருத்தின் வித்து இங்கே இருக்கிறது. நாம் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வகுப்பறைக்கு இதைவிடக் கைக்கடக்கமான கருவி வேறு இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

ஓர் உண்மை இங்கே புலப்படும். மேலே காட்டிய எடுத்துக்காட்டில் பெயர் மயங்கி நிற்க, வினை அதனைத் தெளிவிக்கிறது. 'டேக்' வகையில் வினை மயங்கி நிற்க, பெயர் தெளிவிக்கிறது. தமிழின் பழக்கம், கூர்மையை வினையில் வைப்பது. கொடுத்தல் ஒன்றுக்கே ஈ, தா, கொடு என மூன்று வினைகளைக் கூறி, தாழ்ந்தோன் கேட்பது ஒன்று, ஒத்தோன் கேட்பது ஒன்று, உயர்ந்தோன் கேட்பது ஒன்று என்று தொல்காப்பியம் பிரிப்பதை நம் மாணவர் பலரும் படித்திருப்பர். இன்று நாம் அப்படிப் பிரித்துப் பேசுவதில்லை. ஆயினும் செயலின் வேறுபாட்டை வினையிலேயே காட்டும் இயல்பு நம் நாவை விட்டு இன்னும் அகலவில்லை.

ஆங்கிலத்தில் ஒருவரை ஓரிடத்துக்கு 'டேக்' செய்யலாம். ஒரு பையையும் செய்யலாம். ஒரு மாட்டையும் செய்யலாம். தமிழில் மனிதரை அழைத்துச் செல்கிறோம், அல்லது கூட்டிச் செல்கிறோம். பையைக் கொண்டு செல்கிறோம், அல்லது எடுத்துச் செல்கிறோம். மாட்டை ஓட்டிச் செல்கிறோம். கைக்குழந்தையைத் தூக்கிச் செல்கிறோம். நடக்க இயலாத முதியவரைத் தாங்கிச் செல்கிறோம். குற்றவாளியை இழுத்துச் செல்கிறோம். யார் நடக்கிறார், யாருடைய விருப்பம், எவ்வளவு மரியாதை ஆகிய மூன்றும் அவ்வினைக்குள் அடங்கிவிடுகின்றன.

இப்போது ஒரு மாணவர் கட்டுரையில் இப்படி எழுதுகிறார் என்று கொள்வோம்: 'தாத்தாவுக்கு உடல்நலம் குன்றியது. உடனே அவரை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம்.' எழுத்துப்பிழை இல்லை. சந்திப்பிழை இல்லை. எழுவாயும் பயனிலையும் இயைந்தே உள்ளன. ஆனால் தமிழ்ச் செவி ஒன்று அவ்விடத்தில் திடுக்கிடும். துக்க வீட்டு வாசலில் நின்று 'எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?' என்று தாழ்ந்த குரலில் கேட்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்விடத்தில் எடுத்தல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மனிதரை எடுத்துச் சென்றோம் என்று தமிழில் சொன்னால், அவர் பொருளாகிவிட்டார் என்று ஆகிறது. மாணவர் தாத்தாவை உயிரோடு மருத்துவமனையில் சேர்க்க விழைகிறார்; அவர் எழுதிய வாக்கியமோ அவரை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டது.

இது கருத்தில் நேர்ந்த பிழையன்று. அன்பில் நேர்ந்த குறையுமன்று. 1987ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரின் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. தமிழ், தாய்மொழிப் பாடமாக நாளின் ஒரு பகுதியில் வருகிறது. மாணவர் மனத்தில் வாக்கியம் முதலில் ஆங்கிலத்தில் உருப்பெறுகிறது. பிறகு சொல்லுக்குச் சொல் தமிழாகிறது. 'டேக்' என்பதற்கு முதன்முதல் கற்ற தமிழ் 'எடு'. ஆகவே எங்கும் எடு. 'பேருந்து எடுத்தேன்', 'தேர்வு எடுத்தேன்', 'மருந்து எடுத்தேன்', 'குளியல் எடுத்தேன்'. இவற்றுள் பேருந்து எடுத்த கதை சுவையானது. தமிழ்ப் பேச்சில் வண்டியை எடுத்தல் என்றால் அதைக் கிளப்புதல். 'ஓட்டுநர் பேருந்தை எடுத்துவிட்டார்' என்றால் பேருந்து புறப்பட்டுவிட்டது, நாம் தவறவிட்டோம் என்று பொருள். 'பேருந்து எடுத்துப் பள்ளிக்கு வந்தேன்' என்று எழுதும் பத்து வயதுச் சிறுவன், தன்னை அறியாமலே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துவிடுகிறான். இருக்கையை எடுங்கள் என்று விருந்தினரை உபசரித்தால் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பாடம் எடுத்தல் இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்தில் இசைப்பாடம் 'டேக்' செய்பவர் மாணவர். தமிழில் பாடம் எடுப்பவர் ஆசிரியர். 'நான் கிழமைதோறும் வீணைப் பாடம் எடுக்கிறேன்' என்று ஒரு மாணவி எழுதினால், அவர் கற்கிறாரா கற்பிக்கிறாரா என்பதை அறிய அவர் வயதைக் கேட்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் எடு என்பது ஏழைச் சொல்லோ எனில், அன்று. எடு தனக்கென்று ஒரு பெரிய குடும்பத்தை வைத்திருக்கிறது. 'டேக்' கைவைத்தலில் தொடங்கிற்று. எடு மேலே தூக்குதலில் தொடங்கிற்று. பாம்பு படம் எடுக்கிறது. மன்னன் படை எடுக்கிறான். ஓடுகிறவன் வேகம் எடுக்கிறான். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் இராசராசன் தான் எழுப்பிய கற்றளியைக் குறிக்க ஆண்ட வினையும் இதன் பிறவினை வடிவமே. அறிஞர்க்கு விழா எடுக்கிறோம். தலைவர்க்குச் சிலை எடுக்கிறோம். உயர்த்திச் சொல்லும் ஒலியை இலக்கண உரையாசிரியர்கள் எடுத்தல் ஓசை என்றனர். வயிற்றுக்குள்ளிருந்து பசி எடுக்கிறது. தொண்டை வறண்டால் தாகம் எடுக்கிறது. அணிந்த நிறம் எடுப்பாக இருக்கிறது. சொன்ன பேச்சு எடுபடவில்லை. இவை அனைத்திலும் ஏதோ ஒன்று கீழிருந்து மேலெழுகிறது. இவற்றுள் ஒன்றையேனும் 'டேக்' கொண்டு ஆங்கிலத்தில் நேரே பெயர்த்துப் பாருங்கள், பசி எடுக்காது. இரு சொற்களும் கைகுலுக்கும் இடம் சிறிது. மேசைமேல் இருக்கும் நூலை எடுப்பது போன்ற சில செயல்களே. அச்சிறு பரப்பை அடித்தளமாக வைத்து முழு வீட்டையும் கட்டுவதால்தான் கட்டுரை சாய்கிறது.

எடுத்தலின் பல பொருள்களை முன்னாளில் தாங்கிய தமிழ் வினை மற்றொன்று உண்டு. அது கொள். பெறுதல், வாங்குதல், ஏற்றல், உள்ளடக்குதல் யாவும் அதன் பொருள்கள். பண்டைய இலக்கியத்தில் அது தனித்து நின்று ஆண்டது. இன்று நம் பேச்சில் அது தனியே வருவது அரிது. 'மேசைமேல் இருந்த நூலைக் கொண்டான்' என்று யாரும் சொல்வதில்லை. எடுத்துக்கொள், பார்த்துக்கொள், தெரிந்துகொள் எனப் பிற வினைகளுக்குத் துணையாக நிற்கிறது. கொண்டுவா, கொண்டுபோ என்பவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொள்கை, கொள்முதல், கொள்ளளவு, கொள்ளை ஆகிய பெயர்களில் வாழ்கிறது. பழைய ஆங்கிலத்தின் 'நிமன்' நினைவுக்கு வருகிறதா? அதுவும் ஒன்றிரண்டு சொற்களுக்குள் ஒடுங்கிற்று. களவின் பெயராகவும் ஆயிற்று. நம் கொள்ளையும் கொள்ளின் வழியே வந்ததுதான்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நிமன் மடிந்தது, கொள் மடியவில்லை. எழுத்துத் தமிழில் அது இன்றும் வலிமையோடு இருக்கிறது. ஆங்கிலம் 'டேக்' என்பதன் பின்னே 'இன்', 'அப்' என்று சிறு சொற்களை ஒட்டுகிறது என்றோம். தமிழ் அதே வேலையைக் கொள்ளுக்கு முன்னே ஒட்டிச் செய்கிறது. உள்ளே கொள்வது உட்கொள்ளுதல். மேலே கொள்வது மேற்கொள்ளுதல். எதிரே கொள்வது எதிர்கொள்ளுதல். மருந்துப் புட்டியின்மேல் 'உட்கொள்ளவும்' என்றும், செய்தித்தாளில் 'பணியை மேற்கொண்டனர்' என்றும் காண்கிறோம். இறைவன் அடியாரை ஆட்கொள்கிறான் என்னும்போது அவ்வினை எட்டும் உயரத்தை ஆங்கிலத்தின் எந்தச் சிறு சொல்லும் எட்டாது என்பது நம் கருத்து. அக்கறை கொள்ளுதல், கருத்திற் கொள்ளுதல், இடங்கொள்ளுதல் எனக் கொள்ளின் வாயிலாக நம் மாணவர்க்குத் தரத்தக்க தொடர்கள் பல. உயர்நிலை வகுப்பில் 'டேக்' வரும் ஆங்கிலத் தொடர்களைத் தமிழாக்கச் சொல்லும் ஆசிரியர், கொள் என்னும் இவ்வொரு வேரைக் கற்பித்தாலே பாதி வழி கடந்தவராவார்.

நம் அண்டை மொழியாரையும் சற்றுப் பார்ப்போம். மலாய் மொழியில் எடுத்தலுக்கு 'அம்பில்' என்று பெயர். அதுவும் பரந்த சொல். அங்கும் புகைப்படத்தை 'அம்பில்' செய்கிறார்கள். அக்கறை காட்டுவதை 'அம்பில் பெராட்' என்பர். பாரத்தை எடுத்தல் என்பது போன்ற அமைப்பு. 'அம்பில் ஹாத்தி' என்பது இன்னும் நயமானது. 'பண்டாய் அம்பில் ஹாத்தி' என்றால் பிறர் உள்ளத்தைக் கவர்வதில் வல்லவர் என்று பாராட்டு. 'ஜாங்ஙான் அம்பில் ஹாத்தி' என்றால் மனத்தில் வைத்துக்கொண்டு வருந்தாதே என்று ஆறுதல். ஒரே தொடர், எதிரெதிர்த் திசைகள். ஆனால் மருந்தென்று வந்தால் மலாய்க்காரர் 'மாக்கான் ஊபாட்' என்று உண்ணவே செய்கின்றனர். பேருந்தென்றால் 'நாயிக் பஸ்' என்று ஏறவே செய்கின்றனர். சீனரும் மருந்தை உண்பவர்களே. நம் பாட்டிமார் மருந்து சாப்பிட்டார்கள், பேருந்தில் ஏறினார்கள். ஆக, இத்தீவிலும் தீபகற்பத்திலும் வழங்கும் மூன்று ஆசிய மொழிகள் இவ்விடயத்தில் ஒரு பக்கம் நிற்க, ஆங்கிலம் மறுபக்கம் நிற்கிறது. மாணவர்க்கு இதைச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் மலாய்த் தோழனின் மொழி தன் மொழியோடு இணைந்து நடப்பதை அறியும்போது அவர்கள் கண்கள் விரியும். உணவகத்தில் உணவைக் கட்டி வாங்கிச் செல்வதற்கு ஆங்கிலேயர் 'டேக் அவே' என்பர். இங்குள்ள நாமோ இன மொழி பாராது 'தாப்பாவ்' என்கிறோம். அவ்விடத்தில் 'டேக்' தோற்றுவிட்டது என்பதையும் பதிவு செய்தல் தகும்.

இனி ஆசிரியர்கள் கேட்கும் கேள்விக்கு வருவோம். எடு வரும் தொடர்களில் எதைத் திருத்துவது, எதை விடுவது? நடவடிக்கை எடுத்தல், முடிவெடுத்தல், விடுப்பு எடுத்தல், குறிப்பெடுத்தல், படம் எடுத்தல் ஆகியவற்றுள் சில ஆங்கிலத்தின் சாயலில் பிறந்திருக்கலாம். ஆயினும் அவை இன்று தமிழரின் பொதுச்சொத்து. நடவடிக்கை எடுத்தனர் என்று எழுதிய மாணவரின் தாளில் கோடு கிழிப்பது வீண் கண்டிப்பு. தூய்மையின் பெயரால் அதைச் செய்வாரும் உளர். நாம் அவர்களோடு உடன்படவில்லை. ஒரு புதிய தொடர், முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் வந்து அமர்ந்தால் அது வருகை. ஏற்கெனவே அங்கே அமர்ந்திருந்த நல்ல வினையை எழுப்பிவிட்டு அமர்ந்தால் அது பறிமுதல். முயன்றான் இருக்க முயற்சி எடுத்தான் எதற்கு? இளைப்பாறினார் என்பதை மறந்து ஓய்வு எடுத்தார் என்று மட்டுமே ஏன் எழுத வேண்டும்? இவற்றைப் பிழை என்று நாம் சொல்லமாட்டோம். மற்றொன்றும் உண்டு என்று நினைவூட்டினால் போதும். தாத்தாவை எடுத்துச் சென்றதையும் பேருந்தை எடுத்ததையும் தயங்காமல் திருத்த வேண்டும்; ஏனெனில் அங்கே பொருளே மாறிவிடுகிறது.

திருத்தும் முறையிலும் ஒரு சொல். எடுத்தேன் என்பதை அடித்துவிட்டு ஏறினேன் என்று மேலே எழுதித் தருவதால் அந்த ஒரு வாக்கியம் மட்டுமே நலம்பெறும். அதற்கு மாறாகப் பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்கலாம். கரும்பலகையில் 'மூச்சு' என்று எழுதி, மூச்சை என்னென்ன செய்யலாம் என்று கேளுங்கள். விடலாம், வாங்கலாம், இழுக்கலாம், அடக்கலாம், பிடிக்கலாம். மூச்சு முட்டும், திணறும், நிற்கும். பிறகு 'பழி' என்று எழுதுங்கள். சுமத்துவர், ஏற்பர், வாங்குவர், தீர்ப்பர். வாங்கினால் ஒரு பொருள், ஏற்றால் முற்றிலும் வேறு பொருள் என்பதை மாணவரே கண்டுபிடிப்பர். வீட்டில் தமிழ் பேசும் பெரியோர் இருப்பின் அவர்களிடம் கேட்டுவரச் சொல்லலாம். அகராதியை விரிவாகத் தருவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி சொற்பொருளுக்கு ஒப்பற்ற துணை. ஆனால் ஒரு பெயர் இன்று எந்த வினையோடு கூடி வாழ்கிறது என்பதை அறிய, 1992இல் முதற்பதிப்பு கண்ட கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஏற்றது. அது வாழும் வாக்கியங்களை எடுத்துக்காட்டாகத் தருகிறது. மாணவர் ஆங்கில வினையைத் தேடுவதை விடுத்து, தமிழ்ப் பெயரைத் தேடி, அதன்கீழ் உள்ள வாக்கியங்களைப் படிக்கப் பழக வேண்டும்.

நமக்கே விடை கிட்டாத ஓரிடமும் உண்டு. தேர்வு எடுத்தேன் என்பதைத் திருத்தித் தேர்வு எழுதினேன் என்கிறோம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் தேர்வுக்கு 'உட்காருவர்', நாம் எழுதுகிறோம், நன்று. ஆனால் நம் மாணவர் வாய்மொழித் தேர்வுக்கும் செல்கின்றனர். அங்கே எழுதுவது ஏது? 'வாய்மொழித் தேர்வு எழுதினேன்' என்றால் நகைப்புக்கு இடமாகும். தேர்வுக்குச் சென்றேன் எனலாம். போய் வந்தது மட்டுமே தெரியும். தேர்வில் கலந்துகொண்டேன் எனலாம். போட்டி போலத் தொனிக்கிறது. தேர்வு கொடுத்தேன் என்பாரும் உளர். அதைக் கொடுப்பவர் ஆசிரியர் அல்லவா? கணினியில் விடையைத் தட்டும் தேர்வுக்கும் இதே இடர்ப்பாடு வரும். அங்கே எழுதினேன் என்பது ஒருவாறு தாங்கும். வாய்மொழிக்குத் தாங்காது. நாள்தோறும் மாணவரோடு பழகும் உங்கள் செவிக்கு இயல்பாக ஒலிக்கும் வினை ஏதேனும் வகுப்பறையில் ஏற்கெனவே பிறந்திருக்கக்கூடும். இருப்பின் அதைக் கேட்டறிய விரும்புகிறோம். கேள்வி நேரத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.